ஓடு பிடிக்காத முட்டைகள்

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில், எங்கள் அப்பார்ட்மென்டில் சனிக்கிழமை என்றால் முட்டைக்கோழிக் கறிதான். பண்ணையில் முட்டையிட்டு ஓய்ந்துபோன கிழட்டுக் கோழி. கடையில் விற்கிற இளம் கோழி வாயில் வைத்தால் கரைந்துவிடுகிறது, அது கோழியே இல்லை என்பது மாமியின் முடிவு. இந்தக் கிழடு அவிவதற்குள் எங்களுக்குப் பசி கெட்டுவிடும்.

வெட்டினால் வயிற்றுக்குள் ஓடு பிடிக்காத முட்டைகள் கொத்தாக இருக்கும். பெரிது, அதைவிடச் சின்னது, கடுகளவு என்று எல்லாம் மஞ்சள் கரு. மாமி அவற்றைக் கறியில் போட்டு, வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி யாரோ அவளுக்கு மட்டும் கொடுப்பார். அந்த வருடம் அது என் கணவருடைய தம்பியின் மனைவி. முந்திய தடவையும் அவள்தான். நான் மூத்த மருமகள், கல்யாணமாகி ஆறு வருடம். அந்தக் கருக்களை உடையாமல் பிரித்தெடுத்துக் கழுவுவது என் வேலை.

எனக்குப் பிள்ளை இல்லாததற்கு மாமியிடம் காரணம் தயாராக இருந்தது. மல்வேர்ன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் மீன் பெட்டி அடுக்கினேன். "பிரீசருக்குள்ள நிண்டு நிண்டு இவளின்ர கர்ப்பப்பை உறைஞ்சுபோச்சு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். ஊரில் விலங்கியல் படித்து, கோழியின் முட்டைக் குழாயைப் பற்றியே ஆய்வு செய்தவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு தேநீர் ஊற்றுவேன்.

என் பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்து கணவர் போகவேண்டும். "எனக்கென்ன வருத்தம்? நான் நோயாளியே?" என்று கேட்டுவிட்டு ரிவியைப் போடுவார்.

ஒரு சனிக்கிழமை, கருக்களைத் தம்பி மனைவியின் தட்டில் போட்டபடி மாமி சொன்னார்: "கோழிகூட ஒழுங்கா முட்டை இடுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமி, உந்தக் கோழி சேவலைக் கண்ணாலயும் கண்டிராது" என்றேன். படித்ததெல்லாம் வாயில் வந்தது. முற்றிய கரு ஓமோன் சுரக்கும். மூளை அதற்குத் தன் ஓமோனால் பதில் அனுப்பும். கரு கழன்று குழாய்க்குள் விழும். ஓடு பிடித்து முடிந்ததும் வேறொரு இரசாயனம் தசையைச் சுருங்கச் சொல்லி முட்டையை வெளியே தள்ளும். சேவலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

"ஆனா அதை அடைவைச்சால் குஞ்சு வராது. அது கோழியின்ர பிழையில்லை. எனக்கும் உள்ளுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது. உங்கட மகனை டொக்டரிட்டைப் போகச் சொல்லுங்கோ."

கணவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

மாமி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பதினாறு வயசில அவனுக்குக் கூகைக்கட்டு வந்து, கன்னத்தோட கீழயும் வீங்கினது. பிள்ளை பிறக்கிறது கஷ்டமெண்டு அப்பவே டொக்டர் சொன்னவர். அவனுக்கும் தெரியும். உதை வெளியில கதைக்காதை பிள்ளை."

தாயும் மகனும் தெரிந்துகொண்டே என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டிருக்கிறார்கள். என் வயிறு எரிந்தது. இன்றைக்கும் அது அணையவில்லை.

சட்டியில் ஒரு கரு மிச்சம் இருந்தது. மாமி அதை அகப்பையால் எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார்.

"சாப்பிடு" என்றார்.

அந்த வீட்டில் எனக்கென்று பரிமாறிய முதல் கரு அது, என் வாயை அடைப்பதற்கு.