தெல்தோட்டைக்கு வந்த விட்டில்

கண்டியைச் சுற்றியுள்ள விட்டில்பூச்சிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதைக் காவல் காப்பவள் நான். பகலில் பிலிமத்தலாவையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மற்ற நேரமெல்லாம் பிறர் அனுப்பும் படங்களைச் சந்தேகப்படுகிறேன். மிகைப்படுத்தவில்லை. புது விட்டில் ஒன்று இந்தப் பக்கம் வந்துவிட்டதாக யாராவது எழுதினால், என் வாயில் முதலில் வருவது "மாஷா அல்லாஹ்" இல்லை, "எங்கே எடுத்த படம்?" என்பதுதான். பிழையான பதிவு ஒன்று உள்ளே நுழைந்தால் பிறகு எதைத்தான் நம்புவது?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பதினைந்து பேர். அதில் ஒருவர் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணன் என்பேன், அவருக்கு நான் டீச்சர். விடியற்காலையில் வேலை தொடங்குமுன் படம் எடுத்து அனுப்பிவிடுவார். பல வருடமாக அவர் அனுப்பியதெல்லாம் சாதாரணப் பூச்சிகள்தான். "இன்றைக்கும் அதே தவிட்டு நிறத்துக்காரனா, அண்ணன்?" என்று குழுவில் கேலி செய்வோம். முதலில் கேலி செய்வது பெரும்பாலும் நான்தான்.

ஓகஸ்ட் விடுமுறை முடிகிற சமயம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. காய்ந்த புல்லின் நிறம், முன்சிறகு நெடுக ஒரு வெள்ளிக் கோடு. வறண்ட கரையோரத்தில் இருக்கும் விட்டில் அது. மலைப்பக்கம் யாரும் கண்டதில்லை. கூடவே அவருடைய குரல்பதிவு: "டீச்சர், இது நம்ம பட்டியல்ல இல்லதானே? சொல்லுங்க டீச்சர், இல்லதானே?"

எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. அதற்கு முந்திய வாரம்தான் தோட்டத்து ஆட்களோடு பஸ் பிடித்து முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய் வந்திருந்தார். முன்னேஸ்வரம் சிலாபத்தில், அந்தப் பூச்சி இருக்கும் கரையோரத்தில்! அங்கே எடுத்த படத்தை இங்கே எடுத்ததாகச் சொல்கிறாரா? ஒரே ஒரு படம் மட்டும் ஏன்? இன்னொன்று கேட்டதற்கு, "பறந்துருச்சு டீச்சர்" என்றார். நல்ல வசதியாகப் பறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழுவில், எல்லாரும் பார்க்க எழுதினேன்: "இடம் சந்தேகம். முன்னேஸ்வரத்தில் எடுத்த படமா?"

அவர் "பொய் சொல்லி எனக்கு என்னங்க ஆகப்போகுது" என்று எழுதிவிட்டுக் குழுவைவிட்டே போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கிறது என்று அதையும் அவர் கணக்கில் எழுதினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஆனாலும் ஆதாரம் வேண்டுமே. மறுநாள் காலை தேநீரோடு கதிரையில் உட்கார்ந்து அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கி, கடற்கரை மணல் ஏதும் தெரிகிறதா என்று மூலை மூலையாகத் துழாவினேன். விட்டில் உட்கார்ந்திருந்தது முட்டை அட்டை ஒன்றின் குழியில். அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். "புத்தளம்". சிலாபத்துக்கு வடக்கே, அதே கரையோரம்.

"பிடிபட்டார்!" என்று கத்தியேவிட்டேன். கணவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இதென்ன, ஒன்ட கையெழுத்தல்லவா ஈக்கி?"

ஆமாம், என் கையெழுத்தேதான். எங்கள் பொறி என்பது ஒரு வாளி, அதன்மேல் ஒரு விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் விட்டில்கள் உள்ளே விழுந்து, அட்டைக் குழிகளில் ஒட்டிக்கொண்டு அசையாமல் தூங்கும். காலையில் படம் எடுத்துவிட்டு அட்டைகளைத் தட்டி, வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஊர்ப் பூச்சி இன்னோர் ஊரில் பதிவாகிவிடும். குழுவில் சேரும் எல்லாருக்கும் நான் ஓதுகிற முதல் பாடம் அது. அந்த விடுமுறையில் புத்தளத்தில் தாத்தா வீட்டில், அதுதான் என் மூத்த சகோதரி வீட்டில், பொறி வைத்தேன். புறப்படும் அவசரத்தில் அட்டைகளை அப்படியே அடுக்கிக் கட்டினேன். அண்ணனுடைய அட்டைகள் மழையில் ஊறிப் போனதாகச் சொன்னாரே என்று, வந்த அன்றே கண்டி பஸ் நிலையத்தில் வைத்து அந்தக் கட்டை அவர் கையில் கொடுத்ததும் நானேதான்.

அல்லாஹ்வே, என்ன வெட்கம்.

அடுத்த நாளே தெல்தோட்டைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன்? பொய்யர் என்ற பெயரைத் துடைத்துவிடுவேன், அவர் சிரித்துவிடுவார், முடிந்தது என்று நம்பினேன். தொழிற்சாலை அலுவலகத்தில் அவருடைய மேசைக்குப் பின்னால், அந்த விட்டிலின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"வாங்க டீச்சர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். முகத்தில் கோபம் இல்லை. நான் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். புத்தளம், தட்டாத அட்டை, என் எழுத்து எல்லாம். குழுவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன் என்றும் சொன்னேன்.

"அப்ப அது நம்ம தோட்டத்துக்கு வந்த பூச்சி இல்ல?"

"இல்லை அண்ணன். நான் கொண்டு வந்தது."

"பட்டியல்ல?"

"போட முடியாது."

அவர் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றி, சட்டைக் கையால் தூசியைத் துடைத்தார்.

"நீங்க பொய்யன்னு எழுதினப்ப எனக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். இது எங்க தோட்டத்துக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே, அது போதும்னு இருந்தேன்" என்று சொல்லி, படத்தை என் மடியில் வைத்தார். "இப்ப அதுவும் இல்லைங்கிறீங்க."