காத்து மிசினுல செவப்பு

எங்க ஊட்டுக்காரரு சுந்தரமூர்த்தி பொதட்டூர்பேட்டையில தறி ஓட்றவரு. தூக்கத்துல அவருக்கு மூச்சு நின்னு நின்னு வரும். அதுக்குத்தான் திருத்தணி டாக்டரு, மூஞ்சில மாட்டிகினு படுக்கற காத்து மிசின எழுதிக் குடுத்தாரு. நல்லாத்தான் தூங்கிகினு இருந்தாரு. திடீர்னு, "காத்தே வரலடி, திருப்பிக் குடுத்துடறேன்"னு நின்னாரு.

"குடுத்துட்டு மூச்சுக்கு எங்க போவ?"ன்னு கேட்டுகினே மிசினு பின்னாடி மூடியத் தொறந்தேன். உள்ள காத்த வடிகட்ற பில்டரு செக்கச்செவேல்னு இருந்துச்சி.

"அய்யோ, என் ரத்தத்த உறிஞ்சிடுச்சி!"ன்னு தெருவுக்கே ஓடிட்டாரு.

வெரல்ல தேச்சிப் பாத்தா பஞ்சு. "யோவ், உள்ள வாய்யா! நீ நெய்யற செவப்பு லுங்கியோட தூசுய்யா இது!" தறிக்குப் பக்கத்துலயே மிசின வெச்சிகினு படுத்தா வேற என்ன வரும்? சிரிச்சி சிரிச்சி எனக்கு வயிறே வலிச்சிப் போச்சி.

அந்த பில்டர கழுவக் கூடாதாம். தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டினேன். தறிய நவுத்த முடியாது, அதனால ஆள சமையல்கட்டுக்கு நவுத்தி கதவ சாத்திட்டேன்.

இப்ப பில்டரும் வெள்ளையா இருக்குது, காத்தும் நல்லா வருது. காலையில பால் காய்ச்சப் போனா, நடுவுல ராஜா மாதிரி தூங்கறாரு. "எழுந்துக்கறியா, இல்ல தாண்டிகினு போவட்டுமா?"ன்னு மெரட்டினா, கண்ணே தொறக்காம, "தாண்டிக்க"ன்றாரு.