மணிக்கு முன்பே சாப்பாடு

காலை ஆறு மணிக்கு லார்க்கின் நிலையத்தில் சிகாமட் பேருந்தில் ஏறினேன். கட்டணம் இருபது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். விடுப்பு எடுத்துக்கொண்டு இன்னொரு பள்ளிக்கே போகிற ஆசிரியையை என்னவென்று சொல்வது? பெர்மாஸ் ஜெயாவில், ஆரம்பப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பை நடத்தி நடத்தி எனக்கு அலுத்துவிட்டது. வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். தூங்கிவிட்டேன்.

ஒன்பதரைக்கு சிகாமட். சிறப்பு வகுப்பைப் பார்க்க வந்த ஆசிரியை என்றதும் வாடகைக் கார் ஓட்டுநர் கேட்டார்: “அந்த ஸ்கூலா? அங்க பெசல் கிளாஸ்ல புள்ளைங்க சும்மா விளையாடுங்கதானே டீச்சர்?”

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. “ஆமாண்ணே, நாங்களுந்தான்” என்றேன்.

வாசலில் மேரி காத்திருந்தாள். பயிற்சிக் கல்லூரித் தோழி; இங்கே சிறப்பு வகுப்பு ஆசிரியை. அவளுடைய மாணவி, ஒன்பது வயது யோகா, அன்றுதான் முதன்முறையாகப் பொது வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளை வரை தாக்குப்பிடித்தால் அங்கேயே தொடரலாம். நடுவில் எழுந்து வந்துவிட்டால் திரும்ப மேரியிடமே. அந்த வகுப்பு ஆசிரியை போட்ட நிபந்தனை.

“அவங்கள குத்தம் சொல்ல முடியாது லா. அத்தன புள்ளைங்கள வெச்சிருக்காங்க” என்றாள் மேரி. “ஆனா நம்ம புள்ளைங்கள மத்தவங்க பாக்குறதே இல்ல. அப்புறம் எப்படிப் பழகுவாங்க, சொல்லு?”

சிறப்பு வகுப்புப் பிள்ளைகளை மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் முன்பே சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப்போவது வழக்கம். கூச்சலும் நெரிசலும் அவர்களைக் கலங்கடித்துவிடும். வகுப்புக்கு வந்ததும் மேரி பேசிக்கொண்டே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். போகிற வழியில் பொது வகுப்பின் கதவருகே நின்று, பழக்க தோஷத்தில், “யோகா, வாம்மா, சாப்பிடப் போலாம்” என்று கூப்பிட்டும்விட்டாள்.

யோகா எழுந்துவிட்டால் கதை முடிந்தது. எழுப்பியது யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

யோகா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பெல் அடிக்கல டீச்சர். நீங்க போங்க.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வகுப்பு ஆசிரியை பாடத்தைத் தொடர்ந்தார். மணி அடித்ததும் யோகா காதுகளைப் பொத்திக்கொண்டு வரிசையின் நடுவில் சிற்றுண்டிச்சாலைக்கு வந்தாள். பின்னால் நின்ற பெண் அவளுக்கும் சேர்த்து ஒரு தட்டு எடுத்தாள்.

“அலமாக், ஐயோ, நானே கெடுக்கப் பாத்தேனே” என்று மேரி அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

திரும்பும் பேருந்தில் உடம்பு அடித்துப் போட்டதுபோல வலித்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைகளும் மணிக்கு முன்பே சாப்பிடுகிறவர்கள்தான். அந்தப் பத்து நிமிடத்தைத் தலைமையாசிரியரிடம் போராடி வாங்கியதே நான். நாளை ஒரு பிள்ளையையாவது மணி அடிக்கும்வரை விட்டுப்பார்க்க வேண்டும். அதுவரை கூப்பிடாமல் இருக்க நானும் பழக வேண்டும்.