நிலத்துக்கடியில் போட்ட உமி

ரெஜிபோமைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் குமட்டும். அது ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தவன் நான்.

எழுபதுகளில், நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பிய காலம். நான் மேசன் வேலை செய்தேன். திருகோணமலைக் கடற்கரையில் மீன் வாங்கி விற்க வாடிக் கொட்டில் வைத்திருந்த, எனக்குப் பல வருஷப் பழக்கமான மூதூர் முஸ்லிம் முதலாளி ஒருவர், ஐஸ் அறை கட்டித் தரச் சொன்னார். புது ஹோட்டல் ஒன்றுக்கு மீன் கொடுக்கப் பேசியிருந்தார். ஒருநாள் பழுதான மீன் வந்தாலும் வேறு ஆளிடம் வாங்குவோம் என்று அங்கே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். மனுஷனின் பிழைப்பு முழுக்க அந்த அறையை நம்பித்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து லொறியில் ரெஜிபோம் வந்தது. சூடு உள்ளே போகாமல் தடுக்க, நாலு விரல் தடிப்பில், பஞ்சுபோல் பாரமில்லாத வெள்ளைப் பலகைகள். இரட்டைச் சுவர் கட்டி நடுவில் நிறுத்தினேன். கூரைக்குக் கீழே சட்டம் அடித்துச் செருகினேன். பொருத்துகளில் தார் பூசினேன். நிலத்துக்கென்று ஒதுக்கியவற்றைப் பரப்பி மேலே கொங்கிறீட் போடுவதுதான் மிச்சம்.

அப்போது என் மனைவியின் தம்பி வந்தான். கரைவலைக்காரன். ஒரு துண்டைக் கடலில் போட்டு அமுக்கிப் பார்த்தான். அமுக்க அமுக்க மேலே வந்தது.

"அத்தான், இது வலைக்கு மிதப்பு வெட்ட நல்ல சாமான். இதைப் போய் மண்ணுக்குள்ள புதைக்கிறீங்களோ?"

"நிலத்தால சூடு ஏறுமடா."

"வெயில் கூரையாலயும் சுவராலயும்தானே வரும். நிலம் எப்பவும் குளிர்தானே. உமியைக் கொட்டுங்கோ. எங்கட ஐஸ் பெட்டியெல்லாம் உமிதானே. கொங்கிறீட் போட்டாப் பிறகு ஆர் கிண்டிப் பார்க்கிறது?"

அவனைத் துரத்தியிருக்க வேண்டும். எனக்கும் அந்தக் கதை சரியென்று பட்டதே, அதை நினைத்தால்தான் அருவருப்பு. உமி போட்டே பழகிய கை. பெட்டியில் உமி நனைந்தால் கொட்டி மாற்றலாம், கொங்கிறீட்டுக்குக் கீழே ஏலாது என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த உமி எட்டுச் சாக்கைக் கொட்டி, மிதித்து, மூடினேன். அவன் பலகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனான்.

மீன் அடுக்கத் தொடங்கிய மூன்றாம் வாரம் நிலம் நடுவில் பதிந்து வெடித்தது. ஐஸ் தண்ணீரும் மீன் இரத்தமும் வெடிப்பால் இறங்கின. அடியால் சூடு ஏறியது. அடிவரிசைச் சூரை மீனில் விரல் வைத்தால் விரல் உள்ளே போனது. ஹோட்டலுக்குப் போன மீன் அன்றைக்கே திரும்பி வந்து வாடி வாசலில் கிடந்தது, இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்ற சொல்லோடு.

அலவாங்கால் கொங்கிறீட்டை உடைத்து நான்தான் கிண்டினேன். உமி கறுத்துக் களியாகியிருந்தது. அள்ள அள்ளப் புழு நெளிந்தது. முழங்கைவரை அப்பிக்கொண்டது. சீ! இரண்டு தரம் வெளியே ஓடிச் சத்தி எடுத்தேன்.

முதலாளி வாசலில் நின்றார்.

"மேசன், இது உமியா?"

"ஓம், முதலாளி."

"நான் இறக்கித் தந்த சாமான் எங்க?"

நான் கடலைப் பார்த்தேன். மைத்துனனின் வலை வளைத்துக் கிடந்தது. அதில் வெள்ளை மிதப்புகள் வரிசையாக ஆடின. அவரும் பார்த்தார். ஏசுவார் என்று தலையைக் குனிந்தேன்.

"நான் ஒருநாளும் வேலையை வந்து பார்க்கல்ல. நீங்கதானே செய்யிறீங்க எண்டு இருந்தன்," என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதமே வாடியை மூடிவிட்டு மூதூருக்குத் திரும்பினார்.

நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு அவிக்கும் வட்டிலப்பம் ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு வரும். இனி வராது, வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அந்த வருஷமும் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஒரு ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் தின்றார்கள். மைத்துனன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றான். நான் ஒரு கரண்டி எடுத்து வாய்வரை கொண்டுபோனேன். கையில் அந்த உமி நாறியது. கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.