பாதியில் எழுந்த பந்தி

ஜவ்வாது மலைக்காரர் பஞ்சாட்சரத்துக்கு இருபது வருஷக் கூத்தில் ஒரே ஒரு குறைதான். கட்டியங்காரன் வேஷம் கட்டினார், துச்சாதனன் கட்டினார், ஆள் வராத நாளில் சேலையைச் சுற்றிக்கொண்டு தோழியாகக்கூட நின்றார். கர்ணன் கிரீடம் மட்டும் அவர் தலைக்கு வரவே இல்லை. பங்காளி அர்ச்சுனன் அதை விட்டுத்தருவதாக இல்லை. பெயர் அர்ச்சுனன், கட்டுவது கர்ணன் வேஷம். யாராவது கேட்டால் முறைப்பான்.

மற்ற நாளில் பஞ்சாட்சரம் சாமை விதைப்பார், புளி உலுக்குவார், கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கொண்டுபோவார். அப்படித்தான் சத்தார் பாய் பழக்கமானார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாண பிரியாணி என்றால் சத்தார் கைதான். மலையிலிருந்து இறங்கி வந்த மனிதனை அவர் ஒருநாளும் பசியோடு திருப்பி அனுப்பியதில்லை.

1961இல் சினிமா நடிகர் ராஜவேலு, கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு ஓட்டல் திறந்தார். வெறும் சோறு போட்டால் தன்னை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சாப்பாட்டோடு நாடகத்தையும் சேர்த்துவிட்டார். பெரிய கொட்டகை, ஒரு பக்கம் மேடை, எதிரே வரிசையாக மேஜை. சாயங்காலம் ஆறரை மணிக்கு இலையும் விழும், திரையும் ஏறும். சமையலுக்குச் சத்தாரைப் பிடித்துவந்தார்கள். உள்ளூர்க் கூத்து ஒன்று போட்டால் எடுபடும் என்று நடிகர் யோசித்தபோது சத்தார்தான் சொன்னார்: "மலைல நம்ம பஞ்சாட்சரம்னு ஒருத்தர் இருக்காருங்க. அவர கூப்டுங்க."

ராஜவேலு பஞ்சாட்சரத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். திரையில் பார்த்த கை தோளில் கிடந்தால் யாருக்குத்தான் புத்தி நிலையாக நிற்கும்?

"உங்க கூத்துல ஜனங்களை ரொம்ப அழவைக்கிறது எது?"

"கர்ண மோட்சங்க."

"அதையே போட்டுடு. நீதான் கர்ணன்."

அங்கேதான் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கர்ண மோட்சம் என்பது சாவு வீட்டுக் கூத்து. கருமாதிக்கு முந்தின ராத்திரி, செத்தவர் நல்ல கதிக்குப் போகட்டும் என்று ஆடுவது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எதிரே அதை ஆடுவது பந்தி நடுவில் பாடையை இறக்குவது போலத்தான். மெட்ராஸ்காரர் ராஜவேலுவுக்கு அது தெரியாது. சத்தாருக்கும் தெரிய நியாயமில்லை. பஞ்சாட்சரத்துக்கு நன்றாகவே தெரியும். "நீதான் கர்ணன்" என்று காதில் விழுந்ததும் தெரிந்தவர் தெரியாதவராகிவிட்டார். கார் வைத்த டவுன்காரர்கள்தானே வரப்போகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார்க்காரர்கள் வந்தார்கள். படவேட்டிலிருந்து ஒரு நிச்சயதார்த்தக் கூட்டமும் வந்து நாற்பது இலை பிடித்து உட்கார்ந்தது. திரை ஓரமாகப் பார்த்த பஞ்சாட்சரத்துக்குப் புரிந்துவிட்டது, இவர்களுக்கு இது எந்தக் கூத்து என்று தெரியும். ஆனால் கிரீடம் ஏற்கெனவே தலையில் ஏறியிருந்தது. அதைக் கழற்ற மனம் வரவில்லை.

போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவியிடம் விடைகேட்டுப் பாட ஆரம்பித்தான். கல்யாணப் பெண்ணின் பெரியப்பா கையிலிருந்த சோற்றை இலையில் உதறினார். இலையை மடித்தார். அவரைப் பார்த்து நாற்பது இலையும் மடிந்தன. நிச்சயம் நடந்த நாளில் எழவுப் பேச்சை வாயால் சொல்லக்கூடாது என்பதால் யாரும் காரணம் சொல்லவில்லை. பதறி ஓடிவந்த மேனேஜரிடம், "போதுங்க, வயிறு நெறஞ்சிட்ச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். நிச்சயமான பெண் அழுதுகொண்டே போனாள். சோற்றில்தான் ஏதோ கோளாறு என்று கார்க்காரர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

ராஜவேலு வந்து பார்த்தார். எல்லார் முன்னாலும் சத்தாரைக் கூப்பிட்டார். "மனுஷன் தின்கிற சோறாய்யா இது? என் பேரையே கெடுத்துட்டியே."

சத்தார் அண்டாவிலிருந்து ஒரு பிடி எடுத்து மென்றார். "நல்லாத்தாங்க இருக்கு" என்றார். இன்னொரு பிடி மென்றார். மூன்றாவது பிடியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேடையை நிமிர்ந்து பார்த்தார். ஆறடி தள்ளி, கொடைவள்ளல் வேஷத்தில் நின்ற பஞ்சாட்சரம் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

அன்றே சத்தாருக்குச் சீட்டுக் கிழிந்தது. நடிகருக்கும் இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. ஓட்டலை மூடிவிட்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் மூன்று வருஷம் பஞ்சாட்சரம் வாணியம்பாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடுக்காயைச் செங்கத்துக்குக் கொண்டுபோனார். "அங்க வெல கம்மியாச்சே, இன்னாத்துக்கு அங்க போற?" என்று மனைவி மங்கம்மாள் கேட்டாள். வழி சுலபம் என்று ஏதோ சொல்லி மழுப்பினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கூத்துக்காரர்கள் கர்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் செங்கம் சந்தையில் வாணியம்பாடி வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். சத்தார் இப்போது கரண்டியையே தொடுவதில்லை. தோல் ஷாப்பில் கூலிவேலை பார்க்கிறார். சொந்த மகள் ஃபரீதாவின் நிக்காஹுக்கே வெளியூர் ஆளை வைத்துச் சமைத்தாராம். பஞ்சாட்சரம் மூட்டையை விற்காமலே பஸ் ஏறினார்.

"இன்னா பஞ்சாட்சரம், மலை எறங்க மூணு வருசம் ஆச்சா?" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார் சத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி அவராகவே கேட்டார்: "நீ மேடைல இருந்து பாத்துக்கினு இருந்த. நெசத்த சொல்லு. அன்னிக்கு உப்பா, காரமா? எதுல உட்டேன்?"

பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார். கர்ண மோட்சம் எந்த வீட்டில் ஆடுவது, எதற்கு ஆடுவது, தெரிந்தே ஆடியது, கிரீடத்து ஆசை, எல்லாவற்றையும். "சோத்துல ஒன்னியும் இல்ல பாய். கொற எங்கிட்டதான்." அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தார் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாக, "அப்போ உப்பு சரியாத்தான் இருந்துச்சா?" என்றார்.

"சரியா இருந்துச்சு பாய்."

சத்தாருக்குக் கண் கலங்கி முகமெல்லாம் சிரிப்பானது. திட்டியிருந்தால்கூட பஞ்சாட்சரம் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. சத்தார் உள்பக்கம் திரும்பி மனைவி கனீஸ் ஃபாத்திமாவிடம் சத்தமாகச் சொன்னார்: "கேட்டியா? உப்பு சரியா இருந்துச்சாம்!"

"கேட்டேன்" என்றாள் கனீஸ் ஃபாத்திமா, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து. "மூணு வருசமா அவரு வாயில இன்னா இருந்துச்சின்னு கேளுங்க."

சத்தார் அது காதில் விழாதவராக அண்டாவைத் தேடி எழுந்துபோனார். பஞ்சாட்சரம் அன்றைக்கு மேடையில் நின்றதைப் போலவே பேசாமல் உட்கார்ந்திருந்தார்.