பதினான்கு இன்ச் சக்கரம்

அப்பா நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்குக் காலையில் நான்கு பெண்களை ஏற்றிவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். கார் எங்களுடையது, பழையது. நான்கு பெண்களில் ஒருத்தி நான். மற்ற மூவரும் தையல் பிரிவில் சூப்பர்வைசர்கள். நான் தரக் கட்டுப்பாட்டில் தோலின் தடிமனை அளக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள். இதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

எங்கள் வண்டியின் சக்கரங்கள் சின்னவை, பதின்மூன்று இன்ச். ஒருநாள் கம்பெனி வாசலில் இறங்கும்போது ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருத்தி, "இன்னாடி, உங்க கார் பொம்மைக் கார் மாதிரி நிக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க அதுவே காதில் கேட்டது.

டயர்கள் தேய்ந்திருந்த நேரம். பெரிய சக்கரம் போடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஓடுற வண்டிக்கு இன்னாத்துக்கும்மா அலங்காரம்?" என்றார். நான் விடவில்லை. பழைய டயரில் 155/80 R13 என்று இருந்தது. எனக்குப் பிடித்த டயரில் 185/70 R14. காகிதம் எடுத்து அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பக்கவாட்டு உயரம். எண்பது எழுபதாகிறது, மேலே பத்து, கீழே பத்து, ஆக இருபது மில்லிமீட்டர் குறையும். ரிம் ஒரு இன்ச் கூடும், அது இருபத்தைந்து. ஆக வித்தியாசம் ஐந்தே மில்லிமீட்டர்.

இரண்டாவது எண் மில்லிமீட்டரே இல்லை. அது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பதைச் சொல்லும் எண். நாள் முழுக்க தோலை மில்லிமீட்டரில் அளக்கிற எனக்கு எந்த எண்ணும் மில்லிமீட்டராகத்தான் தெரிந்தது.

டயர் கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "மேடம், இது ஒசரம் ஜாஸ்தி ஆவும். இழுவை கம்மியாய்டும்."

"நான் கால்குலேட் பண்ணிட்டுதாங்க வந்திருக்கேன். நீங்க மாட்டுங்க" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "பாப்பா படிச்சிருக்குது. மாட்டு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை இப்போது நினைத்தாலும் என்னைக் கூசவைக்கிறது.

வண்டி கம்பீரமாக நின்றது. ஆனால் மேம்பாலம் ஏறும்போது திணறியது. "மூணாவது கியர்லயே ஏறுமே, இப்ப ரெண்டாவதுக்கு வரணுமா இருக்குது" என்றார் அப்பா. நால்வரும் உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்னாலிருந்து உரசல் சத்தம் வந்தது. "புது டயர்ப்பா. பழகினா சரியாய்டும்" என்றேன்.

பிறகு ஜிபிஎஸ் எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. கம்பெனிக்கு ஓடும் எல்லா வண்டிகளிலும் ஜிபிஎஸ் கருவி உண்டு, மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போக்குவரத்து மேலாளரின் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். இத்தனை வருடங்களில் அப்பாவின் பெயர் அதில் வந்ததே இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தது. மேலாளர் என் மேசைக்கே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா மேடம், உங்க அப்பா பறக்குறாரு? மூணாவது வந்தா வண்டிய நிறுத்திடுவோம். மன்னிப்பு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் கத்தினேன். "உன்னால எனக்குத்தான் அசிங்கம்."

"மீட்டர் முள்ளு எழுவத்தெட்டத் தாண்டலம்மா."

"அப்ப ஜிபிஎஸ் பொய் சொல்லுதா?"

தினமும் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருபவள் நான். ஒருநாளாவது தலையைத் திருப்பி அந்த முள்ளைப் பார்த்திருக்கலாம். போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுவேன். இதையும் எழுதி வாசித்துக் காட்டினேன். 'நான் வேகமாக ஓட்டியது உண்மை' என்ற இடத்தில் அப்பா நிறுத்தினார். "அது உண்மை இல்லியே."

"அப்படி எழுதினாதான்ப்பா விடுவாங்க."

காகிதத்தை வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மாதனூர் தாண்டி பின் சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியை மட்டும் நான் மாற்றியிருக்கவில்லை. வெளியே தெரியாத சக்கரம்தானே என்று பழையதையே விட்டிருந்தேன். அப்பா அதை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் வண்டி அந்த மூலையில் தாழ்ந்து நின்றது.

"இன்னாண்ணா, வண்டி நொண்டுது?" என்றார் சூப்பர்வைசர் அக்கா ஒருவர். "ஒரு காலுக்கு ஹீல்ஸ் போட மறந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பஞ்சரான டயரை எதிர்ப்பக்கம் உருட்டிப்போய், அங்கே மாட்டியிருந்த புது டயரோடு ஒட்டி நிறுத்தி, இரண்டும் ஒரே உயரம் என்று பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து ஸ்டெப்னியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என் பையில் டேப் இருந்தது. புது டயரின் உயரத்தையும் ஸ்டெப்னியின் உயரத்தையும் அளந்தேன். மூன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. அது பழைய சக்கரத்தின் கணக்கிலேயே காட்டிக்கொண்டிருக்கும். முள் எழுபத்தெட்டில் நின்றபோது வண்டி கிட்டத்தட்ட எண்பத்துமூன்றில் போயிருக்கிறது. அப்பா சொன்னதும் பொய்யில்லை, ஜிபிஎஸ் சொன்னதும் பொய்யில்லை.

இரவு இரண்டாவது கடிதம் எழுதினேன். 'கடைக்காரர் தவறான அளவு டயரைப் பொருத்திவிட்டதால்' என்று தொடங்கியிருந்தேன். வாசித்ததும் அப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவன் வேணாம்னுதானே சொன்னான். நான் பக்கத்துலதானே நின்னேன்."

அதைக் கிழித்துவிட்டு, அளவைத் தேர்ந்தெடுத்தது நான், கணக்குப் பிழை என்னுடையது, என் தந்தை வேகமாக ஓட்டவில்லை என்று என் பெயரில் எழுதினேன். மறுநாள் மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். "நீங்களா மேடம்?" என்றார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய சக்கரத்தை மாட்டிவிடுங்கள், வண்டி ஓடட்டும் என்றார்.

"சார், அந்த முதல் லெட்டர்…"

"அது ஃபைல்ல போயாச்சு. எடுக்க முடியாது. இதையும் அதோட சேத்து வைக்கிறேன்."

மாலையில் கார் கதவைத் திறந்ததுமே அப்பா கேட்டார். "அந்த லெட்டர கிழிச்சிட்டாரா?"

மற்ற மூவரும் வந்துகொண்டிருந்தார்கள். "கிழிச்சிட்டாருப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அக்காக்கள் ஏறியதும், "பாப்பா பேசி லெட்டர கிழிக்கவச்சிட்டுது" என்று அவர்களிடம் சொன்னார். வேலூர் வரும்வரை இரண்டு முறை சொன்னார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.