யன்னலை மறைத்த அலுமாரி

ஞானசவுந்தரி கலியாணம் முடித்து நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வந்தபோது, வள்ளத்தில் அவளைவிடப் பத்திரமாக வந்தது சீதன அலுமாரிதான். அறைக்குள் அதற்கு இடமில்லை. கடற்பக்க யன்னலை அடைத்து வைத்தார்கள். காற்று வராவிட்டால் போகட்டும், வருகிறவர்கள் கண்ணில் அலுமாரி படவேண்டாமா? எங்கள் சனம் அப்படித்தான்.

முப்பத்தெட்டாம் ஆண்டு மாரியில் மகன் பிறந்தான். பிள்ளைப்பெற்றவளுக்குக் குளிர் ஆகாதென்று கதவையும் சாத்தினார்கள். சில கிழமைகளில் ஞானசவுந்தரிக்கு இருமல் தொடங்கியது. இரவில் மூச்சும் இழுத்தது.

"சயமாக்கும்" என்றது அயல். மாமியார் மாக்கிறேற் கொடுமைக்காரியல்ல. தன் தங்கையைச் சயரோகத்துக்குப் பறிகொடுத்தவள். பேரனைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். பிள்ளைக்கு ஆட்டுப்பால். தாய் வாசலில் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. டாக்குத்தரிடம் போனால் அவர் வாயாலும் அதையே கேட்கவேண்டி வருமென்று ஞானசவுந்தரி போகவில்லை.

பங்குனியில் கணவன் கிறிஸ்தோப்பர் மீன்பிடிக்க இரணைதீவுக்குப் போனான். வாடியில், அதாவது கடற்கரை ஓலைக்கொட்டிலில், சமைக்க அவளையும் கூட்டிப் போனான். மணலில் பாய் விரித்துப் படுத்தாள். இருமல் எங்கே போனதென்றே தெரியவில்லை. வீடு திரும்பி அறையில் படுத்த அன்றே அது திரும்பி வந்தது.

காலையில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"சயமெண்டா வாடியிலையும் இருமியிருப்பனெல்லோ? வருத்தம் எனக்கில்லை, இந்த அறைக்குத்தான். அலுமாரியை இழுங்கோ!"

கிறிஸ்தோப்பரும் அயல்வீட்டு மனுவேலும் மூச்சுப்பிடித்து இழுத்தார்கள். மக்கல் நாற்றம் முகத்தில் அடித்தது. யன்னல் இடுக்கால் மழைத்தண்ணீர் இறங்கிய சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அலுமாரியின் முதுகிலும் அப்படியே. உள்ளே இருந்த கலியாணக் கூறைச் சேலையையும் அது விடவில்லை.

சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். யன்னல் திறந்தது. அலுமாரி முற்றத்து வெயிலில் நாட்கணக்காகக் கிடந்து ஊருக்கெல்லாம் காட்சி கொடுத்தது. இருமல் நின்றபிறகுதான் டாக்குத்தரிடம் போகத் துணிவு வந்தது. அவர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "சயமுமில்லை, ஒண்டுமில்லை. பூஞ்சணத் தூசு நெஞ்சுக்குள்ளை போயிருக்கு" என்றார்.

அன்று மாக்கிறேற் அழுதபடியே பேரனைக் கொண்டுவந்து மருமகளின் மடியில் வைத்தாள். அவனோ புது ஆளைக் கண்டதுபோல வீரிட்டான். கிழவி பதறிக் கை நீட்டினாள்.

"விடுங்கோ மாமி, அழட்டும்" என்றாள் ஞானசவுந்தரி, சிரிப்பும் கண்ணீருமாக. "ஆறுதலாப் பழகுவான். நான் இனி எங்கையும் போகமாட்டன்."